130 டெசிபலும் ஒரு மனிதக் குரலும்: கையடக்கப் பாதுகாப்பு அலாரத்துடன் பதினான்கு மாதங்கள்

வாரத்தில் மூன்று நாள்களாவது பணி முடிந்து ரயில் நிலையத்தை விட்டு வெளியே வரும்போது இரவு பதினொரு மணியைக் கடந்துவிடும் என்ற நிலை வந்தபோதுதான், அங்கிருந்து வீடு வரையிலான பன்னிரண்டு நிமிட நடையைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கினேன். பகலில் அந்தச் சாலையில் எத்தனை திருப்பங்கள் இருக்கின்றன, எந்த விளக்குக் கம்பம் எரியவில்லை என்று ஒருநாளும் கணக்கெடுத்ததில்லை. இரவில் அவை தாமாகவே மனத்தில் பதிந்தன. அந்த யோசனையின் விளைவாக எனக்கொன்றும் தங்கைக்கொன்றுமாக இரண்டு கையடக்கப் பாதுகாப்பு அலாரங்களை வாங்கினேன். பதினான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு எழுதும் மதிப்புரை இது. தயாரித்த நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. வெவ்வேறு பெயர்களிலும் நிறங்களிலும் விற்கப்படும் இவ்வகைக் கருவிகளின் அடிப்படை அமைப்பு ஒன்றேதான் என்பதால், இங்கே சொல்வது பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்.

கருவி கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரியது. முட்டை வடிவ பிளாஸ்டிக் கூடு, அதன் ஒரு முனையில் செருகியிருக்கும் உலோகப் பின், பின்னோடு இணைந்த ஒரு சிறு நாடா, பையில் மாட்ட ஒரு கொக்கி, ஒப்புக்கு ஒரு குட்டி விளக்கு, அவ்வளவுதான். நாடாவைப் பிடித்து இழுத்தால் பின் கழன்று வந்துவிடும்; கழன்ற நொடியிலேயே சத்தம் தொடங்கும்; பின்னைத் திரும்பச் செருகும்வரை ஓயாது. இந்த எளிமையே இதன் பெரிய பலம். பொத்தானை அழுத்தினால் ஒலித்து, மறுபடி அழுத்தினால் நின்றுவிடும் வகையும் கடைகளில் உண்டு. அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் கருவியைப் பிடுங்கியவனும் அதே பொத்தானை அழுத்த முடியும். பின் உள்ள வகையில், உருவிய பின்னை ஒரு பக்கமும் கருவியை மறுபக்கமும் வீசிவிட்டால், அவன் இருட்டில் இரண்டையும் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இன்னொரு பலத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயத்தின் உச்சத்தில் தொண்டை அடைத்துக்கொள்வதும் கைகால் உறைந்துபோவதும் கோழைகளுக்கு மட்டும் நேர்வதில்லை. அது உடலின் இயல்பான எதிர்வினை. "ஏன் கத்தவில்லை?" என்று பின்னால் கேட்பவர்களுக்கு இது புரிவதே இல்லை. குரல் வராத அந்தக் கணத்தில் ஒரு நாடாவை இழுக்க மட்டும் விரல்களுக்குத் தெம்பு இருந்தால் போதும் என்பது சாதாரண உதவி அன்று.

இனி சத்தத்துக்கு வருவோம். பெட்டியின் மேல் 130 டெசிபல் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். எவ்வளவு தூரத்தில் வைத்து அளந்தார்கள் என்பதை எங்கும் அச்சிடவில்லை, உண்மையில் அந்த எண்ணின் பொருளே அதில்தான் அடங்கியிருக்கிறது. டெசிபல் மடக்கை அளவுகோலில் அமைந்தது, அதாவது எண்ணில் சிறு மாற்றமே ஒலியில் பல மடங்கு மாற்றத்தைக் குறிக்கும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். பத்து சென்டிமீட்டர் தொலைவில் 130 என்று அளந்திருந்தால், அதே ஒலி ஒரு மீட்டரில் 110, பத்து மீட்டரில் 90, ஐம்பது மீட்டரில் 76 என்று தேய்ந்துவிடும். நெரிசலான சாலையின் இரைச்சலே 70, 80 டெசிபல் வரை இருக்கும் என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால், பெட்டியின் மேலுள்ள எண்ணுக்கும் தெருமுனையில் நிற்பவரின் காதுக்கும் எவ்வளவு இடைவெளி என்பது விளங்கும். ஒன்றை மட்டும் கருவிக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். உள்ளே மின்சாரத்தால் அதிரும் பியசோ தகடு எழுப்பும் கீச்சொலி, மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை ஒட்டியே அமைக்கப்படுகிறது. அதனால் லாரியின் உறுமலுக்கு நடுவிலும் அது தனித்துக் கேட்கிறது.

விடுமுறை நாள் ஒன்றில் தங்கையை ஆளில்லாத மைதானத்தில் நிறுத்தி நாங்களே சோதித்துப் பார்த்தோம். நூறு காலடி தள்ளி நின்றபோதும் தெளிவாகக் கேட்டது. கைப்பையின் உள்ளறையில், துண்டுக்கும் சாப்பாட்டுப் பெட்டிக்கும் நடுவே வைத்து ஒலிக்கவிட்டபோது, அதே நூறு காலடியில் ஏதோ ஒரு பூச்சி கத்துவதுபோல் இருந்தது. ஒலித்துளைகளை உள்ளங்கையால் இறுக்கி மூடினால் பாதிக்கும் மேல் அடங்கிவிடுகிறது. ஆகவே இதைப் பைக்குள் போட்டுவைப்பவர்கள் வாங்காமலேயே இருக்கலாம். தோள்பட்டியில், கை தானாகப் போகும் உயரத்தில், வெளியே தொங்கினால்தான் பயன். காதருகே வைத்துச் சோதிப்பது கூடவே கூடாது. 120 டெசிபலை ஒட்டிய ஒலி காதில் வலியை உண்டாக்கும், நிலையான சேதத்தையும் உண்டாக்கலாம். குழந்தைகளுக்கு இது விளையாட்டுப் பொருள் இல்லை என்பதற்கு உள்ளே இருக்கும் பொத்தான் மின்கலங்களும் ஒரு காரணம்.

குறைகள் என்று பார்த்தால், முதல் குறையை மூன்றாவது வாரத்திலேயே அனுபவித்தேன். அலுவலக லிஃப்டின் கதவு மூடும் நேரத்தில் நாடா எதிலோ சிக்கிப் பின் கழன்றுவிட்டது. அந்த உலோகப் பெட்டிக்குள் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பின் தரையில் எங்கோ உருண்டுபோக, நான் மண்டியிட்டுத் தேட, உடனிருந்த மூவரும் காதைப் பொத்திக்கொண்டு என்னை முறைத்தனர். அவர்களில் ஒருவர், "அதை அணைக்கத் தெரியாதா?" என்று எரிச்சலோடு கேட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அங்கே ஆபத்து ஏதுமில்லை என்பது அவருக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

என்னை யோசிக்க வைத்தது இரண்டாவது முறைதான். இரவு நடையில், வீட்டுக்கு முந்தைய தெருவில், பையைத் தோள் மாற்றும்போது மறுபடியும் பின் கழன்றது. இந்த முறை நான் அவசரப்படவில்லை. வேண்டுமென்றே இருபது வரை எண்ணிக்கொண்டு அப்படியே நின்றேன். இரண்டு ஜன்னல்களில் திரை அசைந்தது. ஒரு வீட்டின் மாடியில் விளக்கு அணைந்தது. எரிந்துகொண்டிருந்ததை யாரோ அணைத்தார்கள். எதிரே மிதிவண்டியில் வந்த இளைஞர் வேகத்தைக் குறைத்து, என்னைப் பார்த்து, பிறகு நிறுத்தியிருந்த கார்களைப் பார்த்து, போய்விட்டார். அவருடைய பார்வை கார்களுக்குப் போனதில்தான் விஷயமே இருக்கிறது. ஊரெல்லாம் காரணமின்றி அலறி ஓயும் கார் அலாரங்களுக்கு நம் காதுகள் பழகிவிட்டன. என் கையிலிருந்த கருவியும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாகவே கேட்டிருக்கிறது. அன்றிரவு நான் எதிர்பார்த்தபடி வேலை செய்தது கருவி மட்டுமே.

இந்த அலாரத்தைத் தயாரிப்பவர்கள் சத்தம் கேட்டால் ஆள்கள் ஓடிவருவார்கள் என்ற நம்பிக்கையை விற்கிறார்கள். பெருநகரத்தில் வசிப்பவர்களோ, எவரும் வர மாட்டார்கள், நமக்கேன் வம்பு என்று எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள் என்று சொல்லிப் பழகியிருக்கிறார்கள். இந்த இரண்டாவது எண்ணத்துக்கு அறுபது ஆண்டுகளாகச் சான்றாகக் காட்டப்படுவது 1964 மார்ச் 13 அதிகாலையில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் தம் குடியிருப்பின் அருகே குத்திக் கொல்லப்பட்ட நிகழ்வு. இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் வெளியிட்ட செய்தியால், 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தும் ஒருவர்கூட அசையவில்லை என்ற கதை உலகமெங்கும் பரவியது. அந்தச் செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்பதைப் பின்னாளில் பலர் எடுத்துக்காட்டினர். 2016-இல் அந்த நாளிதழே தன் பழைய செய்தியின் பிழைகளை ஒப்புக்கொண்டது. பெரும்பாலோர் அலறலை மட்டும் அரைத்தூக்கத்தில் கேட்டவர்கள். தாக்குதல் முழுவதையும் கண்டவர் எவருமில்லை. ஒருவர் ஜன்னலிலிருந்து அந்தப் பெண்ணை விட்டுவிடும்படி கத்தியதும் கொலையாளி விலகி ஓடியிருக்கிறான். சற்று நேரம் கழித்து அவன் திரும்பி வந்ததுதான் கொடுமை. அதன் பிறகும், கொலையாளி அங்கே இருக்கிறானா போய்விட்டானா என்று தெரியாத நிலையில், அண்டை வீட்டுப் பெண் ஒருவர் படியிறங்கி ஓடிப்போய், ஜெனோவீஸைத் தம் கைகளில் தாங்கிக்கொண்டார். அமெரிக்காவில் 911 என்ற அவசர எண் அப்போது இல்லை. அது 1968-இல்தான் வந்தது.

சத்தத்துக்கும் குரலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி எழுதுவதால், ஜன்னலிலிருந்து கத்திய அந்த மனிதரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர் எழுப்பியது இந்தக் கருவியின் அளவுக்குச் சத்தமாக இருந்திருக்காது, ஆனால் அதில் சொற்கள் இருந்தன. இன்னொரு மனிதன் பார்த்துவிட்டான் என்ற செய்தி அதில் இருந்தது.

அந்தக் கொலையின் தாக்கத்தில் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் செய்து 1968-இல் வெளியிட்ட சோதனைகள், இந்தக் கருவியின் பலவீனத்தைப் புரிந்துகொள்ள எனக்கு மிகவும் உதவின. ஒன்றில், தனி அறையில் அமர்ந்து இன்டர்காம் வழியாக உரையாடும் மாணவர்களுக்கு, மறுமுனையில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோன்ற ஒலி கேட்கும். தாம் ஒருவர் மட்டுமே அதைக் கேட்பதாக நம்பியவர்களில் 85 சதவீதத்தினர் அந்த ஒலி ஓய்வதற்குள் உதவி கேட்க எழுந்தனர். மேலும் நால்வர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் எழுந்தது 31 சதவீதம்தான். வேறொரு சோதனையில் அறைக்குள் புகை கசியவிடப்பட்டது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதத்தினர் போய்த் தெரிவித்தனர். கண்டுகொள்ளாததுபோல் உட்கார்ந்திருக்கச் சொல்லி வைக்கப்பட்ட இருவரோடு அமர்ந்திருந்தவர்களில் 10 சதவீதத்தினர் மட்டுமே தெரிவித்தனர். இவர்களுக்கு ஈரமில்லை என்று சொல்ல முடியாது. நடப்பது ஆபத்துதானா என்பதை ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துத் தீர்மானிக்க முயன்று, எல்லோரும் ஏககாலத்தில் ஏமாந்துபோகிறார்கள். மிதிவண்டி இளைஞர் கார்களைப் பார்த்ததுபோல.

இதற்கு எதிர்த்திசையில் 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆம்ஸ்டர்டாம், இங்கிலாந்தின் லங்காஸ்டர், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் ஆகிய நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருத் தகராறுகளை ஆராய்ந்ததில், பத்தில் ஒன்பதில் யாரோ ஒரு வழிப்போக்கராவது குறுக்கிட்டிருந்தார். கூட்டம் அதிகமாக இருந்த இடங்களில் அந்த ஒருவர் கிடைக்கும் வாய்ப்பும் அதிகமாகவே இருந்தது. இரண்டு முடிவுகளும் முரண்படுவதாக முதலில் தோன்றும். தனிமனிதரின் தயக்கம் கூட்டத்தில் கூடுகிறது என்கிறது ஒன்று. கூட்டத்தில் யாராவது ஒருவர் அந்தத் தயக்கத்தை உடைத்துவிடுகிறார் என்கிறது மற்றொன்று. கேமராவில் பதிவானவை கண்ணெதிரே நடந்த, சந்தேகத்துக்கு இடமில்லாத தகராறுகள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே மக்கள் வருகிறார்கள். என்ன நடக்கிறது என்று தெரிந்தால் வருகிறார்கள். என் கையிலிருந்த கருவி உரக்கச் சொல்கிறது, ஆனால் என்ன நடக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

எட்டாவது மாதத்தில் நடந்ததைச் சொன்னால், இந்தக் கருவிக்கு நான் ஏன் இன்னும் மதிப்பெண் கொடுக்கிறேன் என்பது விளங்கும். கடைசி ரயிலுக்கு முந்தைய ரயிலுக்காக நடைமேடையில் நின்றிருந்தேன். மூன்று இருக்கை தள்ளி, மாணவி போலத் தோன்றிய ஒரு பெண்ணின் பக்கத்தில் ஓர் ஆள் நெருங்கி அமர்ந்து ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் தள்ளி அமர்ந்தாள். அவனும் தள்ளி அமர்ந்தான். அவள் கைபேசியை வெளியே எடுத்தாள்; அவன் குனிந்து அதன் திரையைப் பார்த்தான். நடைமேடையில் பதினைந்து பேராவது இருந்திருப்போம். ஒவ்வொருவரும் அதை ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டுதான் இருந்தோம் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் எவரும் அந்தத் திசையில் முகத்தைத் திருப்பவே இல்லை.

தோள்பட்டியில் இருந்த நாடாவை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டேன். நெஞ்சு படபடத்தது, அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் விரலில் அந்த நாடா இருந்ததால்தான் கால்கள் நகர்ந்தன. அந்த ஆளை நான் பார்க்கவே இல்லை. நேராக அவளிடம் போய், "ஏம்மா, இந்த வண்டி கடைசி நிலையம் வரைக்கும் போகுமா, பாதியிலேயே நின்றுவிடுமா?" என்று கேட்டேன். அவள் ஒரு நொடி விழித்துவிட்டு, "போகும் அக்கா, நானும் அதுலதான் போறேன்" என்று எழுந்து நின்றாள். அப்படியானால் வழித்தடப் படத்தில் கொஞ்சம் காட்டு என்று அவளைப் பத்தடி தள்ளி அழைத்துக்கொண்டு போனேன். அந்த ஆள் எழுந்து எங்கள் பின்னால் வர முனைந்தபோது, அதுவரை செய்தித்தாளில் மூழ்கியிருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அதை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு எங்களுக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குப் பின் இன்னொரு பெண்மணி வந்தார். அதற்குப் பிறகு அந்த ஆளுக்கு அங்கே வேலை இருக்கவில்லை. நிலைய ஊழியரிடம் சொல்லிவிட்டு எல்லோரும் ஒரே பெட்டியில் ஏறினோம். இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் விரலைப் பார்த்தேன். நாடா இறுகி வெள்ளை வளையமாகத் தடம் பதிந்திருந்தது.

அலாரம் ஒலிக்கவே இல்லை. ஆயினும் பதினான்கு மாதங்களில் அது செய்த மிகச் சிறந்த வேலை அதுதான் என்று கருதுகிறேன். தாக்கப்படுபவருக்கென்று வடிவமைக்கப்பட்ட இந்தப் பொருள், தலையிடத் தயங்கி நிற்பவருக்கும் ஒரு கைப்பிடியாக இருக்கிறது. நிலைமை மோசமானால் கைவசம் ஒன்று இருக்கிறது என்ற தெம்பில் முதல் அடியை எடுத்து வைக்க முடிகிறது. எந்த விளம்பரத்திலும் நான் இதைப் படித்ததில்லை. இதையே அசட்டுத் துணிச்சலாகவும் மாற்றிக்கொள்ள முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த ஆளிடம் கத்தி இருந்திருந்தால், அல்லது அவனோடு இன்னும் இருவர் இருந்திருந்தால், நாடாவை நம்பி நான் போயிருக்கக் கூடாது.

அந்த இரவுக்குப் பிறகு, வழிப்போக்கர்கள் எப்படித் தலையிடலாம் என்று கற்றுத்தரும் அரைநாள் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். 2005-இல் நியூயார்க்கில் ஹாலாபேக் என்ற பெயரில் தொடங்கி இன்று ரைட் டு பி என்று அழைக்கப்படும் அமைப்பு உலகெங்கும் பரப்பிய ஐந்து வழிகளே அந்தப் பயிற்சியின் அடித்தளம்: தொடர்பில்லாத எதையாவது பேசித் திசைதிருப்புவது, பொறுப்புள்ள இன்னொருவரை அழைப்பது, நடப்பதைப் பதிவுசெய்வது, எல்லாம் முடிந்த பின் பாதிக்கப்பட்டவரை விசாரிப்பது, நேரடியாகத் தடுப்பது. நான் நடைமேடையில் தற்செயலாகச் செய்தது முதலாவது. நேரடியாகத் தடுப்பதைக் கடைசியில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அதில்தான் ஆபத்து அதிகம். துணிவு என்றாலே நெஞ்சை நிமிர்த்தி எதிரே போய் நிற்பது என்ற எண்ணத்தில் ஊறியவர்களுக்கு இந்த வரிசை உறைக்க வேண்டும். பதிவுசெய்வதைப் பற்றிப் பயிற்றுநர் கறாராக இருந்தார். வேறொருவர் உதவத் தொடங்கிவிட்டாரா என்று பார்த்த பின்பே கேமராவை எடுக்க வேண்டும், எடுத்ததைப் பாதிக்கப்பட்டவரிடம் ஒப்படைக்க வேண்டும், அவருடைய சம்மதமின்றி எங்கும் வெளியிடக் கூடாது என்றார். இன்றைக்கு வேடிக்கை பார்ப்பதன் புதிய வடிவமே கைபேசியைத் தூக்கிப் பிடிப்பதாக இருக்கையில் இது தேவையான கறார்.

பயிற்சியில் ஒரு குறை. நடித்துப் பார்க்க ஒதுக்கியது முக்கால் மணி நேரம்தான். மீதி நேரம் திரையில் ஓடிய படவிளக்கங்களுக்குப் போனது. அந்த முக்கால் மணியில்தான் நான் கற்றது எல்லாம். கூட்டத்தைப் பார்த்து "யாராவது உதவுங்கள்" என்று சொல்லாமல் ஓர் ஆளைச் சுட்டிச் சொல்ல வேண்டும் என்பதை எல்லோரும் ஏட்டில் படித்திருப்போம். எழுந்து நின்று சொல்லச் சொன்னபோது எனக்கு முதல் முறை குரலே எழவில்லை. இரண்டாம் முறை கெஞ்சலாக வந்தது. நான்காம் முறைதான், "நீலச் சட்டை அண்ணா, உங்களைத்தான்! இவன் என்னைப் பின்தொடர்கிறான், போலீஸைக் கூப்பிடுங்கள்!" என்று ஒரே மூச்சில் சொல்ல முடிந்தது. பிறகு என் அலாரத்தை எடுத்து, முதலில் ஒலியை மட்டும் எழுப்பியும், அடுத்து ஒலியை எழுப்பி, பின்னைத் திரும்பச் செருகி, உடனே அந்த வாக்கியத்தைச் சொல்லியும் செய்துபார்த்தோம். ஒலி மட்டும் கேட்டபோது வகுப்பிலிருந்தவர்கள் காதைப் பொத்தினர். இரண்டாம் முறை, நீலச் சட்டை அணிந்திருந்தவர், நடிப்பு என்று தெரிந்தும், தன்னையறியாமல் எழுந்துவிட்டார். அலாரம் தலைகளைத் திருப்புகிறது. திரும்பிய தலைகளுக்கு வேலை கொடுப்பது சொல்தான்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்ற கேள்வியும் அங்கே எழுந்தது. பிரான்சில் ஆபத்தில் இருப்பவருக்கு உதவாமல் போவது ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். ஜெர்மனியில் ஓராண்டு வரை. இரண்டு நாடுகளின் சட்டங்களும், உதவுபவர் தம் உயிரைப் பணயம் வைக்க வேண்டும் என்று கோருவதில்லை. தொலைபேசியில் தகவல் சொல்வதும் உதவியே. அத்தகைய சட்டம் இல்லாத இடங்களில் வசிப்பவர்களும் இந்த அளவுகோலை வைத்துக்கொள்ளலாம்: என்னால் ஆபத்தின்றிச் செய்யக்கூடியது எதுவோ, அதையாவது செய்தேனா?

மாற்றுகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். விசில் மலிவானது, மின்கலம் வேண்டாம். ஆனால் மூச்சு வேண்டும், ஓடும்போது அதுதான் இருக்காது. மிளகுத் தெளிப்பான் பல நாடுகளில் தடைசெய்யப்பட்டது. அனுமதி உள்ள இடத்திலும் காற்று எதிர்த்து வீசினால் தெளித்தவர் கண்ணிலேயே படும். கைபேசியிலுள்ள அவசர அழைப்பு வசதி இவற்றிலெல்லாம் சிறந்தது. பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் மின்பொத்தானை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால் அவசர அழைப்பு செல்லும், ஐபோனிலும் பக்கவாட்டுப் பொத்தான்களால் அதைச் செய்யலாம். அமைப்புகளில் அது இயக்கத்தில் இருக்கிறதா என்பதை இன்றே பார்த்துக்கொள்ளுங்கள். அலாரம் பக்கத்தில் இருப்பவரை அழைக்கிறது. கைபேசி தொலைவில் இருப்பவரை அழைக்கிறது. ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்றாகாது.

மின்கலத்தைப் பற்றி ஒரு புகார் பாக்கி இருக்கிறது. என் கருவியில் மூன்று எல்ஆர்44 பொத்தான் மின்கலங்கள் உள்ளன. எவ்வளவு மின்சாரம் மீதமிருக்கிறது என்று காட்ட எந்த ஏற்பாடும் இல்லை. பத்தாவது மாதத்தில் சோதித்தபோது, சளி பிடித்த குரலில் கரகரத்தது. அதற்கு முன் எத்தனை வாரங்கள் அந்த நிலையில் அதை நம்பி நடந்தேன் என்பது தெரியாது. உயிர் காக்கும் பொருள் என்று விற்பவர்கள் ஒரு சிறு எச்சரிக்கை விளக்கைக்கூட வைக்காதது மன்னிக்க முடியாத அலட்சியம். வழிகாட்டி விளக்கு என்ற பெயரில் வைத்திருக்கும் பொட்டு வெளிச்சத்தை நீக்கிவிட்டு அந்த இடத்தில் இதை வைத்திருக்கலாம். யுஎஸ்பி வழியே மின்னேற்றும் வகைகளில் சிலவற்றில் இந்தக் காட்டி உண்டு. இப்போது வாங்குவதாக இருந்தால் பின் இழுக்கும் அமைப்பும் மின்னேற்றக் காட்டியும் சேர்ந்திருக்கும் ஒன்றையே வாங்குவேன். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுக்கலாம். அதில் ஒன்று அந்த நடைமேடைக்காக.

பயிற்சிக்குப் பிறகு நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்தில் உள்ளவர்களுக்கும் எதிர்வீட்டில் இருப்பவர்களுக்கும் இந்த ஒலியை ஒருமுறை கேட்கவைத்து, இது கார் அலாரம் இல்லை, இது கேட்டால் அழைப்பது நான்தான் அல்லது என் தங்கைதான் என்று சொல்லிவைத்தேன். சிலர் சிரித்தார்கள், ஒருவர் தம் மகளுக்கும் வாங்கித்தரப் போவதாகச் சொன்னார். சென்ற வாரம் மின்கலத்தை மாற்றிவிட்டு, மாலை ஏழு மணி வாக்கில், படிக்கட்டு முகப்பில் நின்று இரண்டு நொடி ஒலிக்கவிட்டுப் பின்னைச் செருகினேன். மேலே ஏதோ கதவு படாரென்று திறந்தது. மூன்றாம் மாடியில் குடியிருக்கும் அம்மா, ஒரு காலில் மட்டும் செருப்போடு, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு மூச்சிரைக்க இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தார். சோதித்துப் பார்த்தேன் என்று சொன்னேன்.

"அடுத்த தடவை சொல்லிட்டுச் செய்யும்மா" என்றார். "பாதிப் படி இறங்கிட்டேன்."